எர்ஃபுர்ட் 1917 லூகர் பி08: முத்திரைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா?

பாசறை எழுதியது:

வணக்கம். ஒரு தனியார் சேகரிப்பிலிருந்து உரிய ஆவணங்களுடன் என்னிடம் வந்திருக்கும் லூகர் பி08 கைத்துப்பாக்கி ஒன்றைப் பற்றி இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். மேலே முழங்கால் போல மடங்கும் டாகிளின் முன் இணைப்பில் கிரீடமும் அதன் கீழே எர்ஃபுர்ட் என்ற சொல்லும் உள்ளன. தோட்டா அறையின் மேல் 1917 என்று பொறிக்கப்பட்டுள்ளது. சட்டகத்தின் முன்முகத்திலும், குழலின் அடியிலும், குழல் பொருந்தியிருக்கும் மேற்பகுதியான ரிசீவரின் இடப்பக்கத்திலும் 4837 என்ற எண் இருக்கிறது. சட்டகத்திலும் குழலிலும் எண்ணுக்குக் கீழே ஒரு சிறிய சாய்வெழுத்தும் உண்டு. சிறு உறுப்புகளில் 37 என்ற கடைசி இரண்டு இலக்கங்கள் தெரிகின்றன. ரிசீவரின் வலப்பக்கத்தில் கிரீடத்தின் கீழ் எழுத்து கொண்ட மூன்று முத்திரைகளும் ஒரு கழுகும் இருக்கின்றன.

இவை தவிர இரண்டு குறிகள் எனக்குப் புரியவில்லை. இடப்பக்கத்தில் பெருக்கல் குறி போன்ற ஒன்று இருக்கிறது. கைப்பிடியின் முன்பட்டையில் நாஜிகளின் எஸ்எஸ் அமைப்பின் இரட்டை மின்னல் குறி இருக்கிறது. முதல் உலகப் போரில் ஒரு தந்தை வைத்திருந்ததை இரண்டாம் போரில் எஸ்எஸ் அதிகாரியான மகன் எடுத்துச் சென்றார் என்பதுதான் இதனுடன் வந்த வரலாறு. துப்பாக்கி முழுவதும் ஒரே கருநீல நிறத்தில் இருக்கிறது. தோட்டாக்களை வைக்கும் மேகசினின் அடிப்பாகம் கருப்பு பிளாஸ்டிக். இது மெய்யான பொருள்தானா, அந்த வரலாற்றை நம்பலாமா என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

உருப்பெருக்கி எழுதியது:

எதையும் ஆராய்வதற்கு முன் மேகசினைக் கழற்றிவிட்டு, டாகிளை முழுவதும் பின்னுக்கு இழுத்து, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொள்ளுங்கள். மேகசினை எடுத்துவிட்டால் அறையில் உள்ள தோட்டாவும் போய்விடாது. தோட்டா இருந்தால், அதை வெளியே இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் சற்று உயர்ந்து, அதன் பக்கவாட்டில் நிரப்பப்பட்டது என்று பொருள்படும் ஜெர்மன் சொல் தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். ஆனாலும் நூறாண்டு பழைய பொறியை நம்பி அறையைப் பார்க்காமல் விடக் கூடாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டிருக்கிறீர்கள். இத்தகைய பொருளில் முத்திரைகளின் வரிசைதான் முக்கியம். எது முதலில் விழுந்தது, எதன் மேல் எது விழுந்தது, நிறமேற்றியது எந்த முத்திரைக்கு முன், எந்த முத்திரைக்குப் பின் என்பவை தெரிந்தால் மற்றவை தானாகத் தெளிவாகும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு, ஒரு சிறிய விளக்கைத் துப்பாக்கியின் பக்கவாட்டில் மிகத் தாழ்வாக வைத்து, ஒளி பரப்பின் மேல் சாய்வாக விழும்படி பாருங்கள். நேர் ஒளியில் மறைந்திருக்கும் பள்ளமும் மேடும் அப்போதுதான் தெரியும். குறிப்பாக நான்கு இடங்களைப் பற்றி எழுதுங்கள்: மின்னல் குறியின் உட்புறம், பெருக்கல் குறியின் உட்புறம், சட்டகத்தின் இடப்பக்கத்தில் கழற்றக்கூடிய பக்கத் தகட்டில் உள்ள எண், விசையின் நிறம். எண்ணெய் தடவிய மெல்லிய துணிக்கு மேல் வேறு எதையும் பரப்பில் பயன்படுத்த வேண்டாம். பித்தளை பாலிஷ் போன்ற எதுவும் அருகில்கூட வரக் கூடாது.

தொல்பொறி எழுதியது:

பாசறை அவர்களின் விவரங்களில் அடிப்படையானவை பொருந்துகின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் தரைப்படை இந்த வகையை 1908இல் ஏற்றுக்கொண்டது. பெர்லினைச் சேர்ந்த டிடபிள்யூஎம் நிறுவனம் பெருமளவில் தயாரித்தது. அரசுக்குச் சொந்தமான எர்ஃபுர்ட் படைக்கலச் சாலை 1911இல் தயாரிப்பில் இறங்கி, முதல் போர் முடியும் வரை தொடர்ந்தது. ஆகவே டாகிளில் எர்ஃபுர்ட், அறையில் 1917 என்ற சேர்க்கை இயல்பானது. 1913 முதல் படைக்கான பி08 சட்டகத்தின் பின்புறத்தில், மரத்தாலான தோள்கட்டையை மாட்டுவதற்கான சிறு உலோக மேடு இருக்கும். உங்களுடையதில் அது இருக்கிறதா என்று பாருங்கள். 1917 ஆம் ஆண்டுத் துப்பாக்கியில் அது இல்லையென்றால் யாரோ அராவியிருக்கிறார்கள் என்று பொருள்.

எண் முறையையும் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் பலர் இதில் குழம்புகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் எண்கள் ஒன்றிலிருந்து மீண்டும் தொடங்கும். 10,000 எட்டியதும் ஓர் எழுத்தைச் சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவார்கள். அடுத்த 10,000க்கு அடுத்த எழுத்து. எனவே 4837 என்பது மட்டும் ஒரு துப்பாக்கியின் அடையாளம் ஆகாது. தொழிற்சாலை, ஆண்டு, எண், எழுத்து ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் ஒன்றைக் குறிக்கும். ஆவணத்தில் அந்தச் சாய்வெழுத்தை விட்டுவிடாதீர்கள்.

எர்ஃபுர்ட் துப்பாக்கிகளுக்கு மட்டும் உரிய ஒரு பழக்கம் உண்டு, அது உங்களுக்குப் பெரிதும் உதவும். அங்கிருந்த அரசு ஆய்வாளர்கள் ஏறத்தாழ ஒவ்வோர் உறுப்பிலும், மிகச் சிறியவற்றிலும், கிரீடத்தின் கீழ் ஓர் எழுத்து கொண்ட முத்திரையைக் குத்தினார்கள். டிடபிள்யூஎம் துப்பாக்கிகளில் இவ்வளவு அடர்த்தியாக அது இராது. எனவே ஓர் உறுப்பில் அந்தக் கிரீடம் இல்லையென்றால், எண் பொருந்தினாலும் அந்த உறுப்பைச் சந்தேகத்துடன் பார்க்க வேண்டும்.

செம்புலம் எழுதியது:

எஸ்எஸ் குறியை உடனே போலி என்று தள்ளிவிடக் கூடாது என்பது என் கருத்து. முதல் போர்க் காலத்து பி08 துப்பாக்கிகள் இரண்டாம் போரிலும் பயன்பட்டன என்பதில் ஐயமில்லை. பழைய தயாரிப்பு என்பதால் அதை ஓர் எஸ்எஸ் அதிகாரி வைத்திருக்க முடியாது என்று வாதிட இயலாது. முன்பட்டை என்பதும் பொருத்தமான இடமே. பேரரசுக் காலத்துப் படைப்பிரிவுக் குறிகளும் அங்கேதான் குத்தப்பட்டன. படையில் எண், எழுத்து, புள்ளி என்று ஒழுங்காகக் குறித்தவர்கள், பிற்காலத்தில் வேறோர் அமைப்புக்குச் சென்றபோது அதே இடத்தில் தங்கள் அடையாளத்தையும் குத்தியிருக்கலாம் அல்லவா?

அதோடு, அறையில் 1920 என்ற இரண்டாம் ஆண்டு முத்திரை இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். 1920இல் அரசு வசமிருந்த ஆயுதங்களை அடையாளம் காட்ட அந்த ஆண்டைக் குத்தினார்கள் என்று படித்திருக்கிறேன். இதில் அது இல்லாததால் இது தனியார் கையில் குடும்பச் சொத்தாக இருந்திருக்கலாம். தந்தையிடமிருந்து மகனுக்கு வந்தது என்ற வரலாற்றுக்கு அது வலுச் சேர்க்கிறது.

உருப்பெருக்கி எழுதியது:

செம்புலம் அவர்கள் சொன்ன முதல் பகுதியை ஏற்கிறேன்: பழைய துப்பாக்கி இரண்டாம் போரில் பயன்பட்டிருக்க முடியும். ஆனால் முடியும் என்பதற்கும் நடந்தது என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை உலோகம்தான் கடக்க வேண்டும். கதையால் அது ஆகாது. 1920 முத்திரை இருந்தால், அந்தக் காலத்தில் அது அரசுப் படையிலோ காவல்துறையிலோ இருந்தது என்று சொல்லலாம். இல்லையென்றால் அதிலிருந்து எதையும் பெற முடியாது, ஏனெனில் அந்த முத்திரை இல்லாத துப்பாக்கிகள் ஏராளமாக உள்ளன. இல்லாமையை ஒரு குடும்பக் கதைக்குச் சான்றாக வைப்பது சரியல்ல.

படைப்பிரிவுக் குறிகள் பற்றிச் சொன்னதிலும் ஒரு முக்கியமான வேறுபாடு இருக்கிறது. அவை நிர்வாகக் குறிகள். ரெஜிமென்ட் எண், அதன் வகை, கம்பெனி எண், அந்தக் கம்பெனியில் அந்த ஆயுதத்தின் வரிசை எண் என்று கணக்கெடுப்புக்காகக் குத்தப்பட்டவை. வெறும் மின்னல் குறியால் எந்தக் கணக்கும் எடுக்க முடியாது. லூகர் சேகரிப்பில் அனுபவமுள்ளவர்கள் இந்தக் குறியைக் கண்டாலே எச்சரிக்கை அடைவதற்குக் காரணம் அதுதான்: அது ஆயுதக் கிடங்கில் இருப்பவருக்கு எதையும் சொல்வதில்லை, வாங்க வருபவருக்கு மட்டுமே சொல்கிறது.

பாசறை எழுதியது:

நேற்று இரவு விளக்கைச் சாய்த்து வைத்துப் பார்த்தவற்றை எழுதுகிறேன். தோள்கட்டை மேடு இருக்கிறது, அராவிய தடயம் இல்லை. விசை, பாதுகாப்பு நெம்பு, மேகசின் பிடி, இடப்பக்கம் உள்ள கழற்று நெம்பு ஆகிய அனைத்தும் மற்றப் பகுதிகளைப் போலவே கருநீலமாக உள்ளன. குழலின் வெளிப்புறத்திலும் சட்டகத்தின் முன்பட்டையிலும் நிறையச் சிறு துருக்குழிகள் இருக்கின்றன. அந்தக் குழிகளின் அடியிலும் அதே கருநீலம் இருக்கிறது.

பெருக்கல் குறியின் உட்புறம் சுற்றியுள்ள பரப்பைப் போலவே கருநீலம். மின்னல் குறியின் உட்புறம் அப்படியல்ல. கோடுகளின் பக்கச் சுவர்கள் வெளிர்ந்த உலோக நிறத்திலும், அடி சற்றுப் பழுப்பாகவும் இருக்கின்றன. இரண்டாவது மின்னலின் கீழ்க்கோடு ஒரு துருக்குழியின் நடுவே செல்கிறது. கோடு கடக்கும் இடத்தில் அந்தக் குழியின் ஓரம் உள்நோக்கி நசுங்கியிருக்கிறது. குழியின் எஞ்சிய பாதி கருநீலமாகவும், கோடு சென்ற பாதி நிறமற்றும் இருக்கிறது.

பக்கத் தகட்டில் கிரீட முத்திரை எதுவும் இல்லை. அதிலுள்ள 37 என்ற எண்ணைச் சுற்றிப் பரப்பு மெல்லிய தட்டுப் போலத் தாழ்ந்திருக்கிறது. அங்கே நிறமும் சற்றுச் சாம்பல் கலந்ததாகத் தெரிகிறது. மற்ற சிறு உறுப்புகளில் கிரீடம் இருக்கிறது.

தொல்பொறி எழுதியது:

மிக நல்ல அவதானிப்பு. நிறத்திலிருந்து தொடங்குகிறேன். 1917இல் எர்ஃபுர்ட்டில் பயன்படுத்தியது துருவேற்றி நீலமாக்கும் பழைய முறை. உலோகத்தில் மெல்லிய துருவை வரவழைத்து, கொதிநீரில் இட்டு, தேய்த்து, மீண்டும் மீண்டும் அதையே செய்து நிறம் எழுப்புவார்கள். அந்த முறையில் வந்த துப்பாக்கியில் விசை, பாதுகாப்பு நெம்பு, மேகசின் பிடி, கழற்று நெம்பு போன்ற சிறு உறுப்புகள் நீலமாக இரா. சூடேற்றிப் பதப்படுத்தும்போது வரும் வைக்கோல் மஞ்சள் நிறத்தில் அவை இருக்கும். முழுத் துப்பாக்கியையும் சூடான உப்புக் கரைசலில் அமிழ்த்தி நிறமேற்றும் முறைக்கு, பிற்காலத்தில் இதைத் தயாரித்த மவுசர் நிறுவனம் 1937இல்தான் மாறியது. சிறு உறுப்புகளின் மஞ்சள் நிறமும் அத்துடன் போயிற்று. எனவே உங்கள் துப்பாக்கியின் இப்போதைய நிறம் தொழிற்சாலை நிறம் அல்ல. துருக்குழிகளின் அடியிலும் அதே நீலம் இருப்பதால், துருப்பிடித்து நெடுநாள் ஆன பிறகு, குழிகளைத் தேய்த்து நீக்காமலேயே யாரோ அதை முழுமையாக உப்புக் கரைசலில் அமிழ்த்தியிருக்கிறார்கள்.

இங்கே பெருக்கல் குறி உதவுகிறது. சோவியத் படைகள் கைப்பற்றிய ஜெர்மன் ஆயுதங்கள் அங்கே பெருமளவில் பழுதுபார்க்கப்பட்டு, உறுப்புகள் கலந்து பூட்டப்பட்டு, நிறமேற்றப்பட்டுக் கிடங்குகளில் வைக்கப்பட்டன. கைப்பற்றப்பட்டவை என்பதைக் காட்டும் இந்தக் குறி அவற்றில் பரவலாகக் காணப்படுகிறது. பரப்பை அதிகம் மெருகிடாமல் அப்படியே அமிழ்த்தியதும், மஞ்சளாக இருந்திருக்க வேண்டிய விசையும் நெம்புகளும் கருநீலமானதும் அந்த வேலைக்கு நன்கு பொருந்துகின்றன.

உருப்பெருக்கி எழுதியது:

இப்போது வரிசையை வைத்துப் பார்ப்போம். முதலில் 1917இன் எண்களும் கிரீடங்களும் கழுகும். பிறகு பல ஆண்டுப் பயன்பாடும் துருவும். அதன் பிறகு பெருக்கல் குறி; அதன் உள்ளே நீலம் இருப்பதால் அது நீலமேற்றுவதற்கு முன் குத்தப்பட்டது. பின்னர் உப்புக் கரைசல் நீலம். மின்னல் குறியின் உள்ளே நீலம் இல்லை. அது துருக்குழியை நசுக்கிக்கொண்டு செல்கிறது. ஏற்கெனவே நீலமாக இருந்த குழியின் பாதியை வெளுக்கச் செய்திருக்கிறது. ஆகவே அது துருவுக்குப் பின், சோவியத் கைப்பற்றலுக்குப் பின், நீலமேற்றிய பின் குத்தப்பட்டது. செஞ்சேனையிடம் பிடிபட்டுப் பழுதுபார்க்கப்பட்ட துப்பாக்கியின் மேல் எஸ்எஸ் அதிகாரி தன் குறியைக் குத்தியிருக்க வழியே இல்லை.

இதில் எழக்கூடிய ஒரே எதிர்வாதம், கையில் பிடித்துப் பிடித்து மின்னல் குறியின் உள்ளிருந்த நீலம் தேய்ந்திருக்கலாம் என்பது. அது நிற்காது. தேய்மானம் முதலில் மேடான இடத்தைத்தான் பாதிக்கும், பள்ளத்தின் பக்கச் சுவரை அல்ல. முன்பட்டையின் வெளிப்பரப்பில் நீலம் முழுமையாக இருக்கும்போது, அதைவிட ஆழமான கோட்டில் மட்டும் அது தேய்ந்து போயிற்று என்று சொல்ல முடியாது.

செம்புலம் எழுதியது:

வரிசை அடிப்படையிலான இந்த வாதம் எனக்கு நிறைவளிக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். பக்கத் தகட்டின் எண் சோவியத் கிடங்கில் குத்தப்பட்டிருக்கலாமே? அங்கும் உறுப்புகளுக்கு எண் பொருத்துவது உண்டு அல்லவா?

தொல்பொறி எழுதியது:

கைப்பற்றப்பட்டவற்றில் உறுப்புகளின் எண்கள் பொருந்தாமல் இருப்பது சாதாரணம். சிலவற்றில் மின்பேனாவால் கீறி எழுதிய எண்களும் உண்டு. எனவே பழைய எண்ணை அராவி நீக்கிவிட்டு, எர்ஃபுர்ட் எண் போலவே தோன்றும்படி புதிதாகக் குத்துவது கிடங்கு வேலைக்குரிய நோக்கம் ஆகாது. மேலும் அங்கே நிறம் மட்டும் சாம்பலாக இருப்பதாகப் பாசறை எழுதியிருக்கிறார். அராவிய இடத்தில் உப்புக் கரைசல் நீலம் போய்விட்டதால், குளிர்நிலையில் தடவும் இரசாயனத்தால் அந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. கிரீடம் இல்லாத, வேறோர் இடத்தில் தயாரான தகட்டில், எண்கள் எல்லாம் பொருந்துகின்றன என்று சொல்வதற்காகச் செய்த வேலை இது. மின்னல் குறியைக் குத்திய அதே கை இதையும் செய்ததா என்பதை இப்போதைக்கு முடிவுசெய்ய வேண்டியதில்லை.

உறுதிப்படுத்த, தகட்டைக் கழற்றிப் பாருங்கள். காலி என்று மீண்டும் உறுதிசெய்த பிறகு, குழலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக் கழற்று நெம்பைக் கீழ்நோக்கித் திருப்பினால் தகடு எளிதில் வந்துவிடும். ஸ்குரு எதையும் தொட வேண்டாம். தகட்டின் 37இல் உள்ள 3, 7 ஆகிய இலக்கங்களைச் சட்டகத்தின் முன்முகத்தில் உள்ள 4837இன் 3, 7 உடனும், மற்ற சிறு உறுப்புகளில் உள்ள 37 உடனும் ஒப்பிடுங்கள். 7இன் மேல்கோடு எங்கே முடிகிறது, 3இன் மேல்வளைவு வட்டமா தட்டையா, இலக்கங்களின் உயரமும் இடைவெளியும் ஒன்றா என்று பார்த்தாலே போதும். குத்திய அச்சு உலோகத்தை ஒதுக்கும், அதனால் ஓரத்தில் மெல்லிய விளிம்பு எழும். சுழல் கருவியால் செதுக்கியது உலோகத்தை அகற்றும், விளிம்பு எழாது, கோட்டின் முனைகள் உருண்டிருக்கும்.

குழலையும் விட்டுவிட வேண்டாம். அடியில் முழு எண்ணுக்கு அருகே 8,82 போன்ற ஓர் எண் இருக்கும். அது துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிப்பது. குழலும் ரிசீவரும் சேரும் இடத்தில் இரண்டையும் சேர்த்துக் குத்திய ஒற்றைக் கோடு ஒன்றும் உண்டு. அந்தக் கோட்டின் இரு பாதிகளும் நேராக இருந்தால் குழல் தன் இடத்திலேயே இருக்கிறது என்று கொள்ளலாம்.

பாசறை எழுதியது:

கழற்றிப் பார்த்துவிட்டேன். தகட்டின் 7 மற்றவற்றைவிடக் குறுகலானது, அதன் மேல்கோடு நேராக முடிகிறது. சட்டகத்திலும் மற்ற உறுப்புகளிலும் உள்ள 7இன் மேல்கோட்டு முனையில் சிறு கீழ்நோக்கிய கொக்கி இருக்கிறது. தகட்டின் உட்புறத்தில் பழைய கருநீலம் அப்படியே உள்ளது, வெளிப்புறத்தில் எண்ணைச் சுற்றி மட்டும் சாம்பல் நிறம். குழலடியில் 8,82 இருக்கிறது, ஒற்றைக் கோடும் நேராகவே இருக்கிறது. மேகசினின் பிளாஸ்டிக் அடியில் பி08 என்றும் எஃப்எக்ஸ்ஓ என்றும் பொறித்திருக்கிறது.

எனக்கு ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. மின்னல் குறி பொய் என்று தெரிந்த பிறகு, அதைத் தேய்த்து நீக்கி, சிறு உறுப்புகளுக்கு மஞ்சள் நிறத்தையும் மீட்டுவிட்டால் துப்பாக்கி அதன் 1917 தோற்றத்துக்குத் திரும்பாதா? அந்தக் குறியை என் அலமாரியில் வைத்திருக்கவே மனம் ஒப்பவில்லை.

உருப்பெருக்கி எழுதியது:

உங்கள் மனநிலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் தேய்க்க வேண்டாம் என்றே உறுதியாகச் சொல்வேன். அந்தப் பட்டையில் ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதியை அராவினாலும் துருக்குழிகளும் நீலமும் போய்விடும். இப்போது நாம் பேசிய வரிசையை நிறுவும் சான்று முழுவதும் அங்கேதான் இருக்கிறது. புதிய மஞ்சள் நிறமும் அவ்வாறே. அடுத்து இதை வாங்குபவர் மீட்டெடுத்த விசையைப் பார்த்துத் தொழிற்சாலை நிறம் என்று நம்புவார். ஒரு பொய்யை நீக்கப்போய் இன்னொன்றை நாமே சேர்த்தவர்கள் ஆவோம். மேகசினைப் பொறுத்தவரை, எஃப்எக்ஸ்ஓ என்பது சூல் நகரத்து ஹேனல் நிறுவனத்தின் குறியீடு, இரண்டாம் போர்க் காலத்தது. 1917க்கு உரிய மேகசினுக்கு மர அடி இருக்கும், அதில் துப்பாக்கியின் எண்ணும் இருக்கும். துப்பாக்கியுடன் வழங்கிய இரண்டாவது மேகசினில் எண்ணுடன் கூட்டல் குறி ஒன்றும் சேர்ந்திருக்கும். இப்போதுள்ளதை மாற்ற வேண்டியதில்லை, ஆவணத்தில் எழுதினால் போதும்.

ஆவணத்துக்கு நான் பரிந்துரைக்கும் வாசகம் இது: பி08, எர்ஃபுர்ட், 1917, எண் 4837 உடன் எழுத்து, சட்டகம், ரிசீவர், குழல் ஆகியவை ஒரே எண் கொண்டவை, முத்திரைகள் காலத்துக்குப் பொருந்துபவை, சோவியத் கைப்பற்றல் குறியும் அதன் பின் உப்புக் கரைசல் நீலமும் கொண்டது, பக்கத் தகடு வேறு துப்பாக்கியுடையது, எண் பின்னர் குத்தப்பட்டது, முன்பட்டையின் எஸ்எஸ் குறி நீலமேற்றிய பின் சேர்க்கப்பட்ட போலி, மேகசின் இரண்டாம் போர்க் காலத்து ஹேனல் தயாரிப்பு. இதனுடன் அந்தத் துருக்குழியைச் சாய்வொளியில் பெருக்கி எடுத்த படத்தை இணைத்துவிடுங்கள்.

பாசறை எழுதியது:

இந்த வாசகத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். துருக்குழியின் படத்துடன் தகட்டின் 7ஐயும் சட்டகத்தின் 7ஐயும் அருகருகே வைத்து எடுத்த படத்தையும் சேர்க்கிறேன். இதை எனக்குத் தந்தவருக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். அவரிடம் அதே இடத்திலிருந்து வந்த இன்னொரு துப்பாக்கி இருக்கிறது, அதிலும் முன்பட்டையில் மின்னல் குறி உண்டு என்று சொன்னார்.

தொல்பொறி எழுதியது:

அந்த இரண்டாவது துப்பாக்கியின் மின்னல் குறியையும் இதே ஒளியில் படமெடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே அச்சால் குத்தப்பட்டிருந்தால், அச்சின் முனையில் உள்ள சிறு சிதைவு இரண்டிலும் ஒரே இடத்தில் தெரியும். படம் கிடைத்ததும் இங்கேயே இணையுங்கள், ஒப்பிட்டுப் பார்ப்போம்.